தாம்பரம் சானடோரியமும் ஆறு பெயின்ட் வாளிகளும்





கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பதினோரு வருடம் போய் வந்தவன் நான். குரோம்பேட்டை தாண்டியதும் அந்தப் பெயர் வரும்: தாம்பரம் சானடோரியம். இறங்குகிறவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். தாம்பரம் வரை போகிறவர்கள் காலியான இடத்தில் காலை நீட்டி உட்காருவார்கள். குரோம் தோல் தொழிற்சாலை இருந்ததால் குரோம்பேட்டை. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. சானடோரியம் என்றால் என்ன என்று அத்தனை வருடத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. காதில் விழுந்து விழுந்து ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது அந்தச் சொல்.

போன மாதம் வந்த ஒரு வாசகியின் கடிதம்தான் என்னை அந்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டது.

திருப்பூரிலிருந்து எழுதியிருந்தார். லைன் வீடு, இரண்டாவது மாடி. வீட்டிலேயே ஓவர்லாக் மெஷின் போட்டுப் பனியன் தைக்கிறார். இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. பக்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது மிச்சமான ஆறு பெயின்ட் வாளிகளை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, மொட்டை மாடியில் செடி வைத்திருக்கிறார். தக்காளி, மிளகாய், துளசி, கற்பூரவல்லி, செம்பருத்தி, ஒரு மல்லிகை. அதற்குப் பிறகு அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். நாள் முழுக்க மெஷின் சத்தம் கேட்ட தலையோடு சாயங்காலம் மாடிக்குப் போய் அந்த வாளிகளுக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் படபடப்பு அடங்கிவிடுகிறதாம். ராத்திரி தூக்கம் வருகிறதாம். கடைசியில் ஒரு கேள்வி: “ஐயா, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா?”

பத்திரிகை வெளிவரும்வரை காக்க வைக்கக் கூடாத கேள்வி அது. அன்றைக்கே பதில் போட்டேன். கூடாதம்மா. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டியது. நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று நாலு வரி எழுதி அனுப்பினேன். ஆனால் அந்த நாலு வரி போதவில்லை என்று எனக்கே தோன்றியது. அவருக்குப் படபடப்பு அடங்கியது உண்மை. தூக்கம் வந்தது உண்மை. அப்படியானால் அந்தச் செடிகள் செய்ததற்கு என்ன பெயர்? மருந்தில்லை என்றால் வேறென்ன? அதைத் தேடிக்கொண்டு போனபோதுதான் சானடோரியம் குறுக்கே வந்தது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது ஐரோப்பாவில் டாக்டர்கள் நோயாளியை நகரத்துப் புகையிலிருந்து பிரித்து, மரங்கள் சூழ்ந்த மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. சிகிச்சை என்று இருந்தது இந்த மூன்றும்தான். ஜன்னல்கள் இரவிலும் திறந்தே இருக்கும். கட்டிலைத் தாழ்வாரத்தில் போட்டு வெட்டவெளியில் படுக்க வைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர்.

இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அப்படி ஒரு சானடோரியத்தை நடத்தியவர் நம் பக்கத்து மருத்துவரான டேவிட் சௌரி முத்து. கணித மேதை ராமானுஜன் 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அந்தப் பயணத்தில் பழக்கமானவர். பின்னால் ராமானுஜனுக்கு உடம்பு முடியாமல் போய், காசநோய் என்று கருதப்பட்டபோது, சில காலம் அவருடைய சானடோரியத்தில் இருந்தார். காவிரிக் கரையில் வளர்ந்த உடம்பு. ஜன்னலைச் சாத்தாத அந்த ஊர்க் குளிர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே நமக்கு நடுங்குகிறது. இந்தச் சௌரி முத்துதான் 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அன்றைய தாம்பரம் சென்னையின் நெரிசலுக்கு வெகு வெளியே, காற்றோட்டமான திறந்த வெளி. பின்னால் அது அரசின் கைக்கு வந்து, இன்று நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது. ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் பழைய வைத்தியத்தை நினைவில் வைத்திருக்கிறது.

இந்தக் கதையின் இரண்டாம் பாதியும் சென்னையில்தான் நடந்தது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் அடுத்து வேறு மருந்துகளும் வந்தன. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் சானடோரியம் கட்டில்கள் எந்த மூலைக்கு? வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதுமா என்று பார்க்க 1956-இல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். ராமானுஜன் 1920-இல் கண்ணை மூடியதும் அதே சேத்துப்பட்டில்தான்.

193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில். காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு எல்லாம் உண்டு. மீதிப் பாதிப் பேர் தங்கள் வீட்டில். அந்த வீடுகளில் நெரிசல் உண்டு, வறுமை உண்டு, உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயமும் உண்டு. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட சமம். உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றிய முடிவு அது.

அதாவது, கிருமியைக் கொன்றது மாத்திரை. மரத்தின் கையில் அது இல்லை. செடி கொடி மேல் ஆசை வைத்திருக்கும் நம் போன்றவர்கள் இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். துளசிக் காற்று பட்டால் அந்த நோய் போகும், இந்த மரத்தடியில் உட்கார்ந்தால் இந்த நோய் தீரும் என்று கைப்பேசியில் வருவதையெல்லாம் நாலு பேருக்கு அனுப்பிவைக்கும் முன்னால் சேத்துப்பட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். தோட்டத்தின் தலையில் நாம் ஏற்றி வைத்த பெரிய சுமையை அந்த ஆராய்ச்சி இறக்கி வைத்துவிட்டது. சுமை இறங்கிய பிறகுதான் தோட்டம் உண்மையில் என்ன செய்கிறது என்று நிதானமாகப் பார்க்க முடிகிறது.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ரோஜர் உல்ரிச். 1984-இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை சின்னதுதான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள ஒரு மருத்துவமனையின் பத்து வருடப் பதிவேடுகளைப் புரட்டினார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் வயது, உடல்நிலை முதலியவை ஒத்துப்போகிற 23 ஜோடிகளைப் பொறுக்கி எடுத்தார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவருடைய ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். அறை ஒன்றுபோல, கவனிப்பும் ஒன்றுபோல.

மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்து அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. எனக்குப் பிடித்தது மூன்றாவது கணக்கு. ‘அழுகிறார்’, ‘தேற்ற வேண்டியிருக்கிறது’ என்கிற மாதிரி நர்ஸ்கள் எழுதிவைத்த குறிப்புகளை எண்ணியிருக்கிறார். சுவரைப் பார்த்தவர்களுக்கு ஆளுக்குக் கிட்டத்தட்ட நான்கு. மரத்தைப் பார்த்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. மொத்தம் 46 பேர்தான். இதை வைத்துக்கொண்டு கோட்டை கட்ட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு உலகத்தில் மருத்துவமனை கட்டுகிறவர்கள் ஜன்னலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள்.

இதைப் படித்தபோது அம்மாவின் ஞாபகம் வந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த பதினைந்து நாளில், முதல் வாரம் அவளுக்குக் கிடைத்த ஜன்னலுக்கு வெளியே ஏசியின் வெளிப்பெட்டி. “என்னடா இது, பகலா ராத்திரியான்னே தெரியலை” என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது வாரம் வேறு கட்டில் கிடைத்தது. அங்கே ஒரு வேப்பமரமும் அதில் ஒரு காக்காக் கூடும். அதன்பிறகு நான் போனதும் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. “ரெண்டும் மாத்தி மாத்தி ஊட்டுதுடா. இன்னிக்கு ஒரு குஞ்சு எட்டிப் பாத்துது” என்று காக்காயின் குடும்பக் கதைதான். வலி போய்விடவில்லை, திரும்பிப் படுக்கும்போது முகம் சுருங்குவது தெரியும். வலியைத் தவிர இன்னொன்றும் அவளுக்குக் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று விளக்க முயன்றவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கேப்லன், ஸ்டீபன் கேப்லன் தம்பதி. 1989-இல் வந்த அவர்களுடைய புத்தகம் இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. நம் கவனத்தில் இரண்டு வகை உண்டு என்கிறார்கள். கணக்கு எழுதுவது, நெரிசலில் வண்டி ஓட்டுவது, மெஷினில் விரல் மாட்டாமல் தைப்பது, இதற்கெல்லாம் மனத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பிடி கை வலிப்பதைப் போலச் சீக்கிரம் சோர்ந்துவிடும். எரிச்சல் வரும், தப்பு வரும். இன்னொரு வகை தானாகப் போய் ஒட்டிக்கொள்வது. இலை அசைவது, அணில் ஓடுவது, மேகம் நகர்வது, தண்ணீரில் வெளிச்சம் ஆடுவது. இவை பார்க்க வைக்கும். ஆனால் பிடித்து இழுக்காது. பார்த்துக்கொண்டே வேறெதையும் நினைக்கலாம், நினைக்காமலும் இருக்கலாம். அந்த நேரத்தில் முதல் வகைக் கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது.

தொலைக்காட்சியும் கைப்பேசியும் நம்மைப் பார்க்க வைக்கின்றனவே, அதுவும் ஓய்வுதானே என்று கேட்கலாம். அவை பிடித்து இழுக்கின்றன. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று விரலைத் தள்ள வைக்கின்றன. முருங்கை மரம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று யாரும் பதைப்பதில்லை.

உடம்புக்குள் நடப்பதையும் பள்ளிக்கூடப் பாடத்திலிருந்தே சொல்லிவிடலாம். நமக்குத் தெரியாமலே இதயத்தையும் மூச்சையும் நடத்தும் நரம்புகளில் பரிவு நரம்புகள் என்றும் எதிர்ப்பரிவு நரம்புகள் என்றும் இரண்டு தொகுதி. முதலாவது ஆக்ஸிலரேட்டர், இரண்டாவது பிரேக். அவசரம், பயம், சத்தம், கடன்காரன் குரல் எல்லாம் முதலாவதை மிதிக்கும். கார்டிசால் என்ற சுரப்பும் கூடவே ஏறும். அமைதியான பசுமைக்கு நடுவில் இருக்கும்போது பிரேக்கின் பக்கம் கை ஓங்குகிறது. நாடித் துடிப்பு தணிகிறது, கார்டிசால் இறங்குகிறது. திருப்பூர் வாசகி ‘படபடப்பு அடங்குகிறது’ என்று எழுதியது இதைத்தான்.

சும்மா பார்ப்பதைவிட, மண்ணில் கை வைத்து வேலை செய்தால்? நெதர்லாந்தில் 2011-இல் இதைச் சோதித்தார்கள். தோட்டக்காரர்கள் முப்பது பேருக்கு முதலில் மனத்தை நெருக்கும் ஒரு சோதனையைக் கொடுத்தார்கள். பிறகு பாதிப் பேரைத் தங்கள் தோட்டத்தில் அரை மணி நேரம் வேலை செய்யச் சொன்னார்கள். மற்றவர்களை உள்ளே உட்கார்ந்து அரை மணி நேரம் படிக்கச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் கார்டிசால் இறங்கியது. தோட்ட வேலை செய்தவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. அவர்களுடைய மனநிலை பழையபடி முழுக்கத் தெளிந்துவிட்டது. படித்தவர்களுக்கோ இன்னும் கொஞ்சம் மங்கிப்போனது. ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு இதை எழுதக் கை வருமா? இருந்தாலும் எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்தை முடித்ததும் இதழை மூடிவைத்துவிட்டுச் செடிப் பக்கம் போய்விட்டு வாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நம் பெரியவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. கோயிலுக்கு நந்தவனம் வைத்தவர்கள் அதை வேடிக்கை பார்க்க வைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வளர்த்தார் என்றுதான் வரலாறு அவரை அறிமுகம் செய்கிறது. விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் இறைப்பது, களை பறிப்பது, பூக் கொய்வது, தொடுப்பது, எல்லாம் கைவேலை. கைங்கரியம் என்ற சொல்லை இறைவனுக்குச் செய்யும் தொண்டு என்றுதான் புரிந்துகொள்கிறோம். அதைச் செய்தவருக்கும் அதில் பங்கு கிடைத்திருக்கிறது என்று இப்போது படுகிறது.

எவ்வளவு நேரம் என்று உடனே கேட்பீர்கள். நாம் எல்லாவற்றையும் வேளைக்கு எத்தனை என்று கேட்டே பழகியவர்கள். 2019-இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய விவரங்களை அலசினார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் இருந்தவர்கள், உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கணிசமாக அதிகமாக இருந்தது. ஒரேயடியாக இரண்டு மணி நேரமானாலும் சரி, பிரித்துப் பிரித்துப் போனாலும் சரி, பலன் ஒன்றுதான். ஒரு நாளைக்குப் பதினேழு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். இதிலும் ஒரு நெளிவு உண்டு: உடம்பு நன்றாக இருப்பவர்தானே வெளியே போகிறார்? காரணம் எது, விளைவு எது என்று இந்த மாதிரி ஆய்வு அடித்துச் சொல்லாது. ஆனால் நாள்பட்ட நோயோடு இருப்பவர்களிடமும் அதே போக்குத் தெரிந்தது என்பது கவனிக்க வேண்டியது.

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். 1982-இல் அந்நாட்டு வனத்துறை ‘ஷின்ரின்-யோகு’ என்றது; தமிழில் வனக் குளியல். தண்ணீர் கிடையாது. காட்டுக்குள் அவசரமில்லாமல் நடப்பது, நிற்பது, முகர்வது, கேட்பதுதான் குளியல். மரங்கள் வெளிவிடும் வாசனைப் பொருள்கள் உடம்பின் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகின்றனவா என்று அங்கே ஆராய்கிறார்கள். நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. ஆனால் சோதனைகள் சிறியவை என்பதால் அதை அப்படியே விட்டுவிடுகிறேன். குளியல் என்ற சொல்லைக் கேட்டதும் தென்காசிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கு வனமும் உண்டு, நிஜமான குளியலும் உண்டு.

நாம் பேர் வைக்கவில்லை என்று சொல்வதும் தப்பு. நம்மிடம் அழகான பேர் இருக்கிறது: காற்று வாங்குவது. ‘எங்கே கிளம்பிட்டீங்க?’ ‘சும்மா, காத்து வாங்கிட்டு வரேன்.’ போய் ஏதாவது சாதித்துவிட்டு வருவதாக அதில் வாக்குறுதி இல்லை. இத்தனை அடி நடந்தேன் என்று மணிக்கட்டுக் கருவியில் கணக்குக் காட்ட வேண்டியதும் இல்லை. கண்மாய்க் கரையில், ஆற்று மணலில், கோயில் திருக்குளப் படியில், கடற்கரையில் பெரியவர்கள் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். இன்று பூங்காவுக்குப் போகிறவர்களைப் பாருங்கள். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, அலுவலகத்தோடு பேசிக்கொண்டே ஆறு சுற்று. நடைக்கு உண்டான பலன் காலுக்குக் கிடைக்கும். காற்று வாங்க மறந்துவிட்டார்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவில் குவாங்சோ நகரத்தின் 12 பள்ளிகளில் ஒரு சோதனை செய்து 2015-இல் வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்திருந்தது. வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்கு. இங்கே பெரிதும் வேலை செய்வது பகல் வெளிச்சம் என்கிறார்கள். செடி இல்லாத மைதானமானாலும் பலன் உண்டு. விளையாடப் போன பிள்ளையை ‘போதும், உள்ளே வந்து படி’ என்று கூப்பிடும் முன்னால் அந்த நாற்பது நிமிடத்தை நினைத்துக்கொள்ளலாம்.

மறு முனையில் முதியவர்கள். சிங்கப்பூரில் 2016-இல் ஹார்ட்பார்க் பூங்காவுக்குள் முதியோருக்கென்று ஒரு சிகிச்சைத் தோட்டம் திறந்தார்கள். இன்று அங்கே அப்படிப் பல இருக்கின்றன. மறதி நோய் கண்டவர்களையும் மனத்தில் வைத்து அமைத்தவை. எங்கள் பெரியம்மா கடைசி இரண்டு வருடம் பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறந்திருந்தார். ஒரு நாள் யாரோ மருக்கொழுந்து வாங்கி வந்து மடியில் வைத்தார்கள். முகர்ந்து பார்த்தவர், ‘நார் எங்கே?’ என்றார். வாழை நாரைக் கொடுத்ததும் விரல்கள் தாமாகக் கதம்பம் கட்ட ஆரம்பித்தன. ஒரு முடிச்சுகூடத் தப்பவில்லை. எங்கள் பெயர் அவருக்குத் திரும்பி வரவில்லை. அந்த அரை மணி நேரம் அவர் எங்களிடம் திரும்பி வந்திருந்தார்.

இவ்வளவு சொன்ன பிறகு சில கசப்புகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, கொசு. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிட்டால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். மண்ணும் எருவும் அளையும்போது கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள்; டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் நண்பகலில் மாடியேறிச் செடி நடுவது எந்தப் படபடப்பையும் அடக்காது.

இரண்டாவது, பூட்டு. எங்கள் பகுதிப் பூங்கா காலை ஒன்பது மணிக்குப் பூட்டினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். காலையில் நடக்க வருகிற என் போன்றவர்களுக்கு அது தெரியாது. இரண்டு வீட்டு வேலை முடித்துவிட்டு மூன்றாவது வீட்டுக்குப் போகும் நடுவில் அரை மணி நேரம் கிடைக்கும் அம்மாவுக்குத் தெரியும்; வெயில் தாழக் காத்திருக்கும் தள்ளுவண்டிக்காரருக்குத் தெரியும். வேலியை ஒட்டி வெளியே, நடைபாதையில், உள்ளே இருக்கும் மரத்தின் நிழல் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நிழல் வெளியே வருகிறது. ஆளை உள்ளே விடுவதில்லை. ஓய்வு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே கதவு சாத்தியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பூங்கா பகலில் பூட்டியிருந்தால், திறந்து வைக்கச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஒரு மனு கொடுங்கள். நாங்களும் கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது, இடம். ‘தோட்டம் போட எங்களுக்கு நிலமா இருக்கிறது?’ என்று கேட்பவர்கள்தான் நம் வாசகர்களில் அதிகம். ஆறு வாளி போதும் என்று திருப்பூர் காட்டிவிட்டது. வாளியும் வேண்டாம் என்றால், தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். புங்கையோ, வாகையோ, பாதாமோ, எதுவானாலும் சரி. பால் வாங்கப் போகும்போது தினமும் அதன் கீழே இரண்டு நிமிடம் நில்லுங்கள். எப்போது இலை கொட்டுகிறது, எப்போது துளிர்க்கிறது, எந்தப் பறவை வருகிறது என்று ஒரு வருடம் பாருங்கள். செடி வைப்பதானால் கற்பூரவல்லியில் ஆரம்பியுங்கள். ஒரு கிளையை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், மறந்து போனாலும் மன்னிக்கும். ரோஜா கொஞ்ச நாள் பொறுக்கட்டும். என் ரோஜாவை மாவுப்பூச்சி அடித்துப் போன வாரம் எனக்கே ரத்த அழுத்தம் ஏறியது.

அப்படியானால் செடி செய்வதற்கு என்ன பெயர்? தூக்கத்துக்கு என்ன பெயரோ, வேளைச் சோற்றுக்கு என்ன பெயரோ அதேதான் என்று எனக்குப் படுகிறது. தூக்கம் எந்த நோய்க்கும் மருந்தில்லை. ஆனால் தூங்காதவனுக்கு எந்த மருந்தும் சரியாகப் பேசாது. சௌரி முத்து மரத்தின் நடுவே கட்டில் போட்டதில் தவறு ஒன்றும் இல்லை. அவர் காலத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க மாத்திரைதான் இல்லை. நம் காலத்தில் மாத்திரை இருக்கிறது; மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏசியின் வெளிப்பெட்டியை மாட்டிவிட்டோம்.

நீங்கள் எங்கே காற்று வாங்குகிறீர்கள்? கொல்லைப்புறமா, குளக்கரையா, மொட்டை மாடியா, பஸ் ஸ்டாண்ட் அரச மரத்தடியா? ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாத இதழில் அந்த இடங்களுக்கெல்லாம் எல்லோரையும் அழைத்துப் போகலாம்.

இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் திருப்பூரிலிருந்து மறுபடி கடிதம் வந்திருக்கிறது. மாத்திரையைக் குறைக்கவில்லையாம். டாக்டரிடம் செடி வைத்ததைச் சொன்னாராம், ‘நல்லது, விடாதீங்க, மாத்திரையையும் விடாதீங்க’ என்றாராம். அதன்பிறகு அவர் எழுதியிருப்பது இது: “முன்னெல்லாம் மாத்திரையை அடிக்கடி மறந்துபோவேன் ஐயா. இப்போ அட்டையைத் துளசி வாளி பக்கத்துலயே ஒரு டப்பாவுல போட்டு வெச்சிட்டேன். செடிக்குத் தண்ணி ஊத்தும்போது நானும் ஒரு மடக்குக் குடிச்சு மாத்திரையைப் போட்டுக்கறேன். ஒரு நாளும் தப்பறதில்ல. மல்லி மொட்டு விட்டிருக்கு.”

அன்புடன்,
ஆசிரியர்